இறங்குமுன் கியரைக் குறைப்போம்

தோட்டத்துச் செம்மண் சாலையில் ஒரு வண்டி மேட்டிலிருந்து இறங்கி வருகிறது. அதை ஓட்டுபவர் கைதேர்ந்தவரா, கற்றுக்குட்டியா என்பதை லயத்து வாசலில் அமர்ந்தபடியே காதால் கேட்டுச் சொல்லிவிடக்கூடிய பெரியவர்கள் நம்மிடையே உண்டு. கைதேர்ந்தவரின் வண்டி ஒரே சீரான முழக்கத்துடன் இறங்கும். மற்றவரின் வண்டியிலோ முதலில் ஓசையே இராது. பின்னர் பிரேக் கிறீச்சிடும். அதன்பின் பற்கள் நறநறவெனக் கடிபடும். கடைசியில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்க, பின்னால் ஏற்றியிருக்கும் பொருள்கள் எல்லாம் முன்னே வந்து மோதும். இவ்விரண்டு ஒலிகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை இம்மாதப் பாடத்தில் ஆராய எண்ணுகிறோம்.

கியரை ஏற்றுவது எல்லாருக்கும் விரைவில் கைவந்துவிடுகிறது. குறைப்பதுதான் பலருக்குப் பல ஆண்டுகள் ஆகியும் வசப்படுவதில்லை. இதற்குக் காரணம் ஓட்டுபவரின் திறமைக் குறைவன்று. இயந்திரத்தின் இயல்பே ஆகும். கியரை ஏற்றும்பொழுது என்ஜினின் சுழற்சி குறைய வேண்டும். எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்த உடனே அது தானாகவே குறைந்துவிடுகிறது. கியரைக் குறைக்கும்பொழுதோ என்ஜினின் சுழற்சி கூட வேண்டும். அது தானாகக் கூடாது; நாம்தான் கூட்டித்தர வேண்டும். இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால் பாடத்தின் பாதி முடிந்தது எனலாம்.

எண்களைக் கொண்டு பார்ப்போம். ஒரு கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நான்காம் கியரில் செல்கிறது. அப்பொழுது அதன் என்ஜின் நிமிடத்திற்கு 2,400 முறை சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே வேகத்தில் மூன்றாம் கியரில் சென்றால் என்ஜின் ஏறத்தாழ 3,300 முறை சுழன்றாக வேண்டும். வண்டிக்கு வண்டி இந்த எண்கள் மாறும்; கணக்கு மாறாது. இப்பொழுது ஓட்டுபவர் கிளட்சை மிதித்து, எண்ணெய் மிதியை விட்டு, கியர்க் கோலை மெதுவாக நகர்த்துகிறார். அதற்குள் என்ஜின் 1,000 சுழற்சிக்கு இறங்கிவிடுகிறது. அந்நிலையில் கிளட்சைச் சட்டென்று விட்டால் என்ன ஆகும்? 1,000 முறை சுழலும் என்ஜினை 3,300 முறை சுழலுமாறு ஒரு நொடியில் இழுத்துவிட வேண்டும். அந்த இழுவிசையை யார் தருவது? ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் சக்கரங்களே தர வேண்டும். அதுதான் நாம் உணரும் குலுக்கல்.

ஓடும் மாட்டு வண்டியில் பின்புறமாகத் தாவி ஏறிய அனுபவம் நம்முள் மூத்தவர்கள் பலருக்கு இருக்கும். நின்ற இடத்தில் நின்றபடியே வண்டியின் கட்டையைப் பற்றினால் கை வெடுக்கென்று இழுபடும். சில வேளை தோளே கழன்றுவிடும். வண்டியோடு நாலெட்டு ஓடி, அதன் வேகத்தை எட்டிப் பிடித்த பின் கட்டையைப் பற்றினால், ஏறியதே தெரியாது. வண்டிச் சக்கரங்கள் அந்த மாட்டு வண்டியைப் போன்றவை. என்ஜின் ஏற வருபவனைப் போன்றது. கிளட்ச் அவனுடைய கை. கையை நீட்டுமுன் கால்கள் ஓட வேண்டும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். "இப்பொழுதுள்ள கார்களில் கியர் சத்தமின்றி விழுகிறதே, பிறகென்ன குறை?" என்று சிலர் கேட்பதுண்டு. இன்றைய கியர்ப் பெட்டிக்குள் ஒவ்வொரு கியரையும் ஒட்டிப் பித்தளை போன்ற உலோகத்தாலான வளையம் ஒன்று இருக்கும். பற்கள் ஒன்றோடொன்று பொருந்துவதற்கு முன் இவ்வளையம் உராய்ந்து, இரண்டின் வேகத்தையும் சமன்படுத்துகிறது. 1928-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கெடிலாக் கார்களில் முதன்முதலாக வந்த இந்த அமைப்பு, பின்னர் உலகெங்கும் பரவிற்று. ஆனால் அவ்வளையம் சமன்படுத்துவது கியர்ப் பெட்டியின் உள்ளே இருக்கும் சக்கரங்களை மட்டுமே. கிளட்சுக்கு அப்பால் இருக்கும் என்ஜினை அது தொடுவதே இல்லை. எனவே கியர் ஓசையின்றி விழுந்ததைக் கண்டு ஏமாந்துவிடலாகாது. பற்கள் பொருந்திவிட்டன; என்ஜின் இன்னும் பொருந்தவில்லை.

செய்யும் முறை

முதலில் பிரேக், பிறகுதான் கியர். இந்த வரிசையை மாற்றாதீர்கள். வண்டியின் வேகத்தைக் குறைக்க வேண்டிய கருவி பிரேக்கே ஆகும். தேய்ந்த பிரேக் கட்டையை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் கிளட்ச் மாற்றும் செலவு பன்மடங்கு அதிகம். அதற்குக் கியர்ப் பெட்டியையே கழற்றி இறக்க வேண்டும். சாலை விளக்கைக் கண்ட இடமெல்லாம் நான்கு, மூன்று, இரண்டு என்று இறக்கிக்கொண்டு வருவதை ஒரு திறமையாகக் கருதுவோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை.

வேகம் தணிந்தபின் கிளட்சை அடிவரை மிதிக்க வேண்டும். அரைகுறையாக மிதிப்பதே பற்கள் கடிபடுவதற்கு முதற்காரணம். கியர்க் கோலை உள்ளங்கையால் தள்ளாமல் விரல்களால் வழிநடத்துங்கள். நடுநிலைக்கு வந்ததும் இமைப்பொழுது நிறுத்தி, பிறகு கீழ்க் கியருக்குக் கொண்டு செல்லுங்கள். கோல் தயங்கினால் முரட்டுத்தனமாகத் திணிக்க வேண்டா. வளையம் தன் வேலையைச் செய்து முடிக்க அரை நொடி கொடுத்தால் அதுவே வழிவிடும். கோல் உள்ளே சென்றதும், கிளட்ச் இன்னும் மிதிபட்டிருக்கும்போதே, எண்ணெய் மிதியை மெல்ல ஒரு தட்டுத் தட்டுங்கள். என்ஜினின் குரல் சற்றே உயரும். அக்குரல் உயர்ந்து நிற்கும் அந்தக் கணத்தில் கிளட்சைத் தயங்காமல், ஆனால் சீராக விடுங்கள். முழுவதும் சேர்ந்து ஒன்றரை நொடிக்குமேல் பிடிக்காது.

எவ்வளவு தட்ட வேண்டும் என்பதை எழுத்தில் விளக்க இயலாது; காதுதான் கற்றுத்தர வேண்டும். வண்டி முன்னே பாய்ந்தால் தட்டியது அதிகம். பின்னே இழுத்தால் குறைவு. இரண்டும் இன்றி, குரல் மட்டும் மாறி, வண்டி அப்படியே சென்றால் சரியான அளவு. சுழற்சி காட்டும் முள் உள்ள வண்டியாயின் தொடக்கத்தில் அதைப் பார்த்துப் பழகலாம். ஆனால் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கும் பழக்கம் நிலைத்துவிடக் கூடாது.

ஓட்டப்பந்தயக்காரர்கள் ஒரே காலின் முன்பாதியால் பிரேக்கையும், பக்கத்தால் எண்ணெய் மிதியையும் ஒருங்கே அழுத்துவர். இளைஞர்கள் சிலர் அதைக் கற்க ஆவல் கொள்கின்றனர். பந்தயத்திற்கு அது தேவை. ரப்பர்ச் செருப்போடு பால் கொட்டகைக்குப் போகிறவருக்குத் தேவையில்லை.

கவனிக்க வேண்டிய மற்றொன்று உண்டு. ஐந்தாம் கியரிலிருந்து நான்காம் கியருக்கு வர எண்ணிக் கையை வேகமாக இழுத்தால், சில வண்டிகளில் கோல் இரண்டாம் கியரில் போய் விழுந்துவிடும். வேகமாகச் செல்லும்போது கிளட்சை விட்டால் என்ஜின் தன் எல்லையைக் கடந்து சுழன்று, வால்வுகள் வளைந்து, ஒரு நொடியில் வீணாகிவிடும். ஆகையால் ஒவ்வொரு படியாக இறங்குவதே நன்று.

மிகப் பழைய லோரிகளில் மேற்கூறிய வளையம் இராது. அவற்றில் கிளட்சை மிதித்துக் கோலை நடுநிலைக்குக் கொண்டுவந்து, கிளட்சை விட்டு, எண்ணெய் மிதியைத் தட்டி, மறுபடியும் கிளட்சை மிதித்துக் கீழ்க் கியரில் இட வேண்டும். இதையே இரட்டைக் கிளட்ச் என்பர். அக்கால ஓட்டுநர்கள் இதனைத் தாளம் தவறாமல் செய்தனர். இன்றைய கார்களுக்கு இது கட்டாயமன்று எனினும், வளையம் தேய்ந்துபோன வண்டியைச் சில காலம் காப்பாற்ற இது உதவும்.

இறக்கமும் வெப்பமும்

சமநிலத்தில் கியரைத் தவறாகக் குறைத்தால் குலுக்கலோடு போகும். இறக்கத்தில் அவ்வாறன்று. எனவே இப்பகுதியைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

சுமையோடு 10 டன் எடையுள்ள ஒரு லோரி, பத்துக்கு ஒன்று என்னும் சரிவில் ஒரு கிலோமீட்டர் இறங்குகிறது. அதாவது உயரத்தில் 100 மீட்டர் கீழே வருகிறது. வேகம் கூடாமல் அதைப் பிடித்து நிறுத்தி வருவதற்குச் செலவாகும் ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறுகிறது. அந்த வெப்பத்தைக் கொண்டு சாதாரணத் தண்ணீரைக் காய்ச்சினால் ஏறத்தாழ 33 லிட்டர் கொதிநிலையை அடையும். மண்ணெண்ணெய்த் தகரத்தில் கிட்டத்தட்ட இரண்டு தகரம். ஆட்களோடு 1,200 கிலோகிராம் எடையுள்ள சிறிய காருக்குக்கூட இது நான்கு லிட்டர் ஆகும். ஒரு கிலோமீட்டருக்கே இவ்வளவு. இவ்வெப்பத்தில் ஒரு சிறு பங்கைக் காற்றின் தடையும் சக்கரங்களின் உராய்வும் ஏற்றுக்கொள்ளும். மீதியை ஏற்க இரண்டு இடங்கள்தாம் உள்ளன: ஒன்று பிரேக், மற்றொன்று என்ஜின்.

என்ஜினுக்குத் தன் வெப்பத்தைப் போக்கிக்கொள்ளத் தண்ணீரும் ரேடியேட்டரும் விசிறியும் உண்டு. புகைக்குழாய் வழியாகவும் வெப்பம் வெளியேறும். பிரேக்குக்கோ வீசுகின்ற காற்று ஒன்றே துணை. அளவுக்கு மீறிச் சூடேறிய பிரேக் கட்டை வழுக்கத் தொடங்கும். மிதி இறுக்கமாக இருந்தும் வண்டி நில்லாது. கார்களிலும் சிறிய லோரிகளிலும் இன்னோர் ஆபத்தும் உண்டு. அவற்றின் பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டோட் 3 என்னும் வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ் வரை கொதியாதிருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. நம் நாட்டின் ஈரக்காற்றில் ஆண்டுக்கணக்காக மாற்றப்படாத எண்ணெய் எந்நிலையில் இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழிகள் உண்டாகும். அதன்பின் பிரேக்கை மிதித்தால் கால் அடிமட்டம் வரை வெறுமனே போகும்.

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குச் செல்லும் பழைய சாலையில் பயணம் செய்தவர்களுக்கு இறக்கம் என்றால் என்ன என்பது தெரிந்திருக்கும். தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது; அவ்வளவு உயரத்தையும் வளைவு வளைவாக இறங்கித் தீர்க்க வேண்டும். 2013-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 21-ஆம் நாள் கெந்திங் மலைச்சாலையில் இறங்கி வந்த பேருந்து ஒன்று பள்ளத்தில் விழுந்து 37 உயிர்கள் பலியானதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இத்தகைய சாலைகளில் 'கியர் ரெண்டா', அதாவது தாழ்ந்த கியர், என்னும் சொற்களைத் தாங்கிய பலகைகளை நட்டிருப்பது அழகுக்காக அன்று.

அப்பலகை இறக்கத்தின் தொடக்கத்தில் நிற்பதற்கும் காரணம் உண்டு. கியரை உச்சியிலேயே குறைத்துவிட வேண்டும். பாதி இறக்கத்தில், சுமையோடு வேகம் ஏறிய பின் குறைக்க முயன்றால், கிளட்சை மிதித்து நடுநிலைக்குக் கொண்டுவந்த அந்த இடைவெளியில் லோரி இன்னும் வேகம் பெற்றுவிடும். கீழ்க் கியர் உள்ளே நுழைய மறுக்கும். மேல் கியருக்கே திரும்பலாமென்றால் அதுவும் நுழையாது. என்ஜினின் பிடி முற்றிலும் போய், பத்து டன்னும் சூடேறிய பிரேக்கின் தலையில் விழும். மலைச்சாலையில் நேரும் விபத்துகளுள் மிகக் கொடியவை இவ்வாறுதான் தொடங்குகின்றன.

எந்தக் கியரில் இறங்குவது? ஏறும்பொழுது எந்தக் கியர் தேவைப்படுமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது பழைய ஓட்டுநர்களின் கணக்கு. இது பெரும்பாலும் சரியே. ஆனால் இக்கால என்ஜின்கள் வலிமை மிக்கவை. மேல் கியரிலேயே மேட்டை ஏறிவிடுகின்றன. ஆகவே அந்தக் கணக்கிலிருந்து ஒரு கியர் குறைத்துக்கொள்வது பாதுகாப்பானது. டீசல் லோரி ஓட்டுபவர்கள் மேலும் ஒன்றை அறிய வேண்டும். பெட்ரோல் என்ஜினில் எண்ணெய் மிதியை விட்டதும் காற்று உள்ளே வரும் வழி அடைபடுகிறது. அடைபட்ட வழியாக மூச்சிழுக்கத் திணறுவதால் என்ஜின் வண்டியைப் பின்னே பிடிக்கிறது. டீசல் என்ஜினில் பொதுவாக அந்த அடைப்பு இல்லை. எனவே அதன் பிடி குறைவு. இதனால்தான் பல லோரிகளில் புகைக்குழாயை அடைக்கும் தனிப் பிரேக் ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். அதற்குரிய விசை எங்கிருக்கிறது என்பதை இறக்கத்தில் தேடாமல், புறப்படுமுன்பே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சரியான கியரில் இறங்கினாலும் இடையிடையே பிரேக் தேவைப்படும். அப்பொழுது காலை அதன்மீதே வைத்துத் தேய்த்துக்கொண்டு வராதீர்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் பாதுகாப்பான வேகமென்றால், அதை எட்டியதும் அழுத்தமாக மிதித்து 32-க்குக் கொண்டுவந்து, காலை முழுதும் எடுத்துவிடுங்கள். மீண்டும் 40 ஆகும்வரை பிரேக் ஆறட்டும். என்ஜினால் மட்டும் வேகம் குறையும்போது பின்புறச் சிவப்பு விளக்கு எரிவதில்லை என்பதையும் நினைவிற்கொள்க. பின்னால் வண்டி வருமாயின் பிரேக்கை இலேசாகத் தொட்டு எச்சரிப்பது நல்லது.

நம் தோட்டங்களில் பால் ஏற்றிச் செல்லும் வண்டிகளுக்குக் குலுங்காமல் கியர் மாற்றுவது மேலும் இன்றியமையாதது. பாதி நிரம்பிய தொட்டியில் பால் அலையாக எழும். கிளட்சைச் சட்டென்று விட்டால் அவ்வளவு பாலும் முன்னே பாய்ந்து வண்டியைத் தள்ளும். பின்னர் திரும்பி வந்து இழுக்கும். மழை பெய்த செம்மண்ணில் அந்த ஒரு தள்ளல் போதும், பின்சக்கரம் வழுக்கி வண்டி குறுக்கே திரும்பிவிடும்.

'ஃப்ரீ கியர்' ஆசை

இறக்கத்தில் கியரை நடுநிலையில் போட்டு, வண்டியைத் தானாக உருளவிடுவதை 'ஃப்ரீ கியர்' என்கிறோம். எண்ணெய் மிச்சமாகும் என்பது இதற்குக் கூறப்படும் காரணம். கார்புரேட்டர் இருந்த காலத்தில் இக்கூற்றில் ஓரளவு உண்மை இருந்தது. இன்றைய கார்கள் எண்ணெயைப் பீய்ச்சும் அமைப்பு உடையவை. கியரில் இருந்தபடி மிதியிலிருந்து காலை எடுத்து இறங்கும்போது அவ்வமைப்பு எண்ணெயை அறவே நிறுத்திவிடுகிறது. சக்கரங்களே என்ஜினைச் சுழற்றுகின்றன. நடுநிலையில் உருளவிட்டால்தான், என்ஜின் அணைந்துவிடாமல் இருப்பதற்காக எண்ணெய் செலவாகிக்கொண்டே இருக்கும். ஆகவே மிச்சம் பிடிக்க எண்ணியவர் எண்ணெயையும் இழந்து, என்ஜினின் பிடியையும் இழக்கிறார். சாவியைத் திருப்பி என்ஜினையே அணைத்துவிடுவது இதைவிடக் கொடியது. இரண்டு மூன்று முறை மிதித்ததும் பிரேக் கல்லாக இறுகிவிடும், சுக்கானும் கனத்துவிடும்.

மோட்டார் சைக்கிளில் செல்பவர்களும் இப்பாடத்திற்கு வெளியே அல்லர். நாம் 'கப்சாய்' என்றழைக்கும் சிறு வண்டிகளில் கைக்கிளட்ச் இல்லை. கியர் மிதியை அழுத்தும்போது கிளட்ச் விடுபடுகிறது, காலை எடுக்கும்போது சேர்கிறது. ஆகையால் குதிகாலால் கியரைக் குறைத்தவுடன் காலைச் 'சடக்'கென எடுக்காமல், மிதியை அழுத்தியபடியே கைப்பிடியைச் சற்று முறுக்கி, பிறகு காலை மெதுவாகத் தளர்த்த வேண்டும். இதை அறியாதவர்கள் அந்த வண்டி இயல்பிலேயே குலுங்கும் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அதிகாலையில் ஈர இலைகள் படிந்த பாதையில் பின்சக்கரம் ஒரு முறை இழுபட்டால் வண்டி சாய்ந்துவிடும் என்பதால், நால்சக்கர வண்டியைவிட இவ்வண்டிக்கே இப்பழக்கம் அதிகம் வேண்டும்.

இக்காலத்தில் தானியங்கிக் கியர் வண்டிகள் பெருகிவிட்டன. அவற்றுக்கு மட்டுமான 'டிஏ' உரிமத்தை எடுத்துக்கொண்டால் போதும் என்று நம் இளைஞர்கள் சிலர் நினைக்கின்றனர். அந்த உரிமம் உள்ளவர் கியர் வண்டியை ஓட்டுவது சட்டப்படி குற்றமாகும். லோரி உரிமம் பெற விரும்புவோர் 21 வயது நிரம்பியவராகவும் 'டி' உரிமம் உடையவராகவும் இருக்க வேண்டும். பால் வெட்டிலிருந்து ஓட்டுநர் வேலைக்கு உயர எண்ணும் இளைஞருக்கு, 'டி' உரிமத்திற்காகச் செலவிடும் சில கூடுதல் மணி நேரம் வீண் போகாது. தானியங்கி வண்டியை ஓட்டுபவர்களுக்கும் ஒரு சொல்: இறக்கத்தில் 'டி'யிலேயே விடாமல், கீழ்க் கியருக்குரிய எழுத்து அல்லது எண்ணுக்குக் கோலைக் கொண்டுவருக. எந்த எழுத்து என்பதை வண்டியின் கையேடு கூறும்.

எல்லாம் செய்தும் பிரேக் கைவிட்டால், கியரை நடுநிலைக்குக் கொண்டு செல்லலாகாது. காராயின் பிரேக்கை விட்டுவிட்டு வேகமாகப் பலமுறை மிதித்துப் பாருங்கள். எண்ணெய் சிறிது திரும்பப் பிடிக்கக்கூடும். முடிந்தால் ஒவ்வொரு கியராகக் குறையுங்கள். இந்நேரத்தில் குலுக்கலைப் பொருட்படுத்த வேண்டா. கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஒலிப்பானையும் விளக்குகளையும் இயக்கி மற்றவர்களை எச்சரியுங்கள். பள்ளத்தின் பக்கம் அன்றி, மலைச்சரிவின் பக்கம் வண்டியை ஒட்டி உரசவிடுங்கள்.

பழகுவதற்கு மலைக்குப் போக வேண்டியதில்லை. உரிமம் உடையவர் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், ஆளரவம் குறைந்த சமமான சாலையில், ஒரு குவளையில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றிப் பக்கத்து இருக்கையின் காலடியில் வைத்துக்கொள்க. மணிக்கு 50 கிலோமீட்டரில் நான்கிலிருந்து மூன்றுக்கும், 30-இல் மூன்றிலிருந்து இரண்டுக்கும் இறங்கிப் பாருங்கள். தொடக்கத்தில் பாதித் தண்ணீர் விரிப்பில் இருக்கும். தண்ணீர் சிந்தாமல் இருபது முறை இறங்கிய பின், தோட்டத்தின் சிறிய மேடு ஒன்றைத் தேர்ந்து, அதன் உச்சியில் கியரைக் குறைத்து, பிரேக்கைத் தொடாமல் அடிவாரம் வரை வந்து பாருங்கள்.